சி.பி.டி. எண்ணெய் நோய் தீர்க்குமா?

சிறிய கண்ணாடிக் குப்பி. அதில் ஓர் எண்ணெய். நாக்கின் அடியில் சில சொட்டுகள் விட்டுக்கொண்டால் நல்ல தூக்கம் வரும், மூட்டு வலி தணியும், மனக் கலக்கம் நீங்கும் என்றார்கள் விற்பவர்கள். 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வேளாண்மைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இந்த எண்ணெய் அந்நாட்டில் கடைக்குக் கடை விற்பனைக்கு வந்தது. மிட்டாயிலும் பானத்திலும்கூட அதைக் கலந்து விற்றார்கள். அதற்கு முன்பே, புற்றுநோயைக்கூடக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்த நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது.

எண்ணெயில் உள்ள பொருளின் பெயர் கன்னாபிடையால். சுருக்கமாகச் சி.பி.டி. என்பார்கள். இது உண்மையிலேயே மருந்துதானா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் எவ்வாறு விடை தேடினார்கள் என்பதைக் காண்போம். இவ்வழியைத் தெரிந்துகொண்டால், நாளை நம் ஊரில் யாராவது ஒரு புதிய மருந்தைப் புகழ்ந்தாலும் அதை எடை போட்டுப் பார்க்க நம்மால் முடியும்.

ஒரே செடி, இரு பொருள்கள்

சி.பி.டி. கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் ஆடம்ஸ் என்ற வேதியியலார் 1940-இல் இதைப் பிரித்தெடுத்தார். இதன் அமைப்பை இஸ்ரேல் நாட்டின் ரபேல் மெகூலம் குழுவினர் 1963-இல் கண்டறிந்தனர். மறு ஆண்டே, அதே செடியில் போதையைத் தரும் பொருளான டி.எச்.சி.யையும் அவர்கள் தூய நிலையில் பிரித்தெடுத்தனர்.

இவ்விரு பொருள்களின் மூலக்கூறுகளிலும் 21 கார்பன் அணுக்களும், 30 ஹைட்ரஜன் அணுக்களும், 2 ஆக்சிஜன் அணுக்களுமே உள்ளன. அப்படியானால் ஒன்று போதை தருவதும் மற்றொன்று தராததும் ஏன்? அணுக்கள் ஒன்றே; அடுக்கு முறை வேறு. டி.எச்.சி.யில் ஓர் ஆக்சிஜன் அணு பாலம்போல் நின்று ஒரு வளையத்தை மூடுகிறது. சி.பி.டி.யில் அவ்விடம் திறந்தே கிடக்கிறது. மூளை நரம்புச் செல்களின் மேலுள்ள ஒரு வகைப் பூட்டில் டி.எச்.சி. சாவிபோலப் பொருந்துகிறது. சி.பி.டி. அதில் சரியாகப் பொருந்துவதில்லை. எனவே அது போதை தருவதில்லை.

ஒரு சிறுமியின் கதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சார்லட் பிகி என்ற சிறுமி இருந்தாள். அவளுக்கு டிராவே நோய் என்னும் அரிய, கொடிய வலிப்பு நோய் இருந்தது. ஐந்து வயதில் அவளுக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 300 முறை வலிப்பு வந்தது. எந்த மருந்துக்கும் நோய் கட்டுப்படவில்லை. பெற்றோர் அவளுக்குச் சி.பி.டி. மிகுந்த எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தனர். அதன்பின் மாதத்திற்கு இரண்டு மூன்று முறைதான் வலிப்பு வருகிறது என்று அவர்கள் கூறினார்கள். 2013-இல் இச்செய்தி தொலைக்காட்சி வழியே நாடெங்கும் பரவியது. வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர், வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டுக் கொலராடோவில் குடியேறினர்.

இக்கதையைக் கேட்டவுடன் மருந்து வேலை செய்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் சற்றுப் பொறுங்கள். பல நோய்கள் ஏறியும் இறங்கியும் வருபவை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடி ஓடுகிறோம். அதன்பின் நோய் தானே சற்றுத் தணிந்தாலும், பெயர் மருந்துக்குப் போய்விடும். நம் ஆசையும் நம் கண்ணை ஏமாற்றக்கூடும்.

கடைசியில் சொன்னது வெறும் ஊகமா? கொலராடோ மருத்துவர்கள் இத்தகைய எண்ணெயை உட்கொண்ட 75 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். முன்பிருந்தே அங்கு வசித்த குடும்பங்களில் 22 சதவீதத்தினர், வலிப்பு பாதிக்கு மேல் குறைந்ததாகக் கூறினர். எண்ணெய்க்காகவே குடிபெயர்ந்து வந்த குடும்பங்களிலோ 47 சதவீதத்தினர் அவ்வாறு கூறினர்! ஊர் மாறியதால் எண்ணெயின் வேதியியல் மாறிவிடுமா? மாறாது. பெரும் இழப்பைத் தாங்கி வந்தவர்களின் நம்பிக்கையும் அந்தக் கணக்கில் கலந்துவிட்டது என்று கருதவே இடமிருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தை பிழைக்க வேண்டும் என்று தவிப்பவர்களால் நடுநிலையாக எண்ணுவது அரிது.

சார்லட் 2020 ஏப்ரலில், தன் 13-ஆம் வயதில் நோயுற்று இறந்தாள். அவள் கதை ஒரு நல்ல கேள்வியை எழுப்பியது. விடையைச் சோதனைதான் தர வேண்டியிருந்தது.

இரண்டு குழுக்கள்

டிராவே நோயுள்ள 120 குழந்தைகளையும் இளைஞர்களையும் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2017-இல் வெளிவந்தது. அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தூய சி.பி.டி. கலந்த திரவம், மற்றதற்கு மருந்தே கலக்காத, அதே போன்ற திரவம். இதை வெற்று மருந்து என்பர். யாருக்கு எது கிடைக்கிறது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆகவே நம்பிக்கையும் ஆசையும் இரு குழுக்களிலும் சமமாகவே இருக்கும். வழக்கமான மருந்துகளையும் அனைவரும் தொடர்ந்து உட்கொண்டனர்.

பதினான்கு வாரங்களுக்குப் பின் கணக்குப் பார்த்தார்கள். சி.பி.டி. குழுவில் மாத வலிப்பு எண்ணிக்கையின் இடைநிலை அளவு 12.4-இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்துக் குழுவில் 14.9 என்பது 14.1 ஆயிற்று. சி.பி.டி. பெற்றவர்களுள் 43 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கு மேலுமோ குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களிலும் 27 சதவீதத்தினருக்கு அவ்வாறே குறைந்தது!

இந்த 27 என்ற எண்ணை மறக்காதீர்கள். மருந்தே இல்லாத திரவத்தைக் குடித்து, நான்கில் ஒருவருக்கு மேல் பாதி நலம் கண்டார்கள். இரண்டாவது குழு இல்லாதிருந்தால், 43 சதவீதம் முழுவதையும் சி.பி.டி.யின் கணக்கிலேயே எழுதியிருப்போம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் 16 மிஞ்சுகிறது. மருந்தின் பயன் அதுதான். முழு வெற்றி அன்று; ஆயினும் வேறு மருந்து எதற்கும் கட்டுப்படாத நோயில் இது பெரிய உதவியே. இத்தகைய சோதனைகளின் பேரில், டிராவே நோய்க்கும் லெனாக்ஸ்-கஸ்டாட் நோய்க்கும் இதை மருந்தாகத் தர 2018 ஜூன் 25-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. எபிடியோலெக்ஸ் என்பது அம்மருந்தின் பெயர்.

அப்படியானால் கடைக் குப்பி?

"சி.பி.டி. வேலை செய்கிறது என்று நிரூபித்தாயிற்று. இனி என்ன தடை?" என்று விற்பவர் கேட்கலாம். இங்கேதான் அளவு குறுக்கே நிற்கிறது.

மேற்சொன்ன சோதனையில் உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாள்தோறும் 20 மில்லிகிராம் தந்தார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 400 மில்லிகிராம். கடை மிட்டாய் ஒன்றில் இருப்பதோ பெரும்பாலும் 10 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அதுவும் வலிப்புக்கு என்று விற்கப்படுவதில்லை. வலிக்கும் தூக்கத்திற்கும் கலக்கத்திற்கும் என்றே விற்கப்படுகிறது.

வலிக்கு அது உதவுமா? டென்மார்க்கில் கைமூட்டு நோயுள்ள 136 பேரிடம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் 20 முதல் 30 மில்லிகிராம் சி.பி.டி.; மற்றதற்கு வெற்று மருந்து. பன்னிரண்டு வாரங்களில் இரு குழுக்களிலும் வலி சற்றுக் குறைந்தது. ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள வலி அளவுகோலில் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை.

மனக் கலக்கம் பற்றிப் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. உடல்நலமுள்ள 57 ஆண்களை மேடைப் பேச்சு போன்ற ஒரு சோதனையில் நிறுத்தினார்கள். 300 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்குக் கலக்கம் குறைந்தது. 150 மில்லிகிராமும் பயன் தரவில்லை. 600 மில்லிகிராமும் தரவில்லை. ஒருவேளைப் பேச்சில் 300 மில்லிகிராம் தந்த பயனைக் காட்டி, 10 மில்லிகிராம் மிட்டாயை நாள்தோறும் தின்னச் சொல்லலாமா?

சீட்டில் எழுதிய அளவையாவது நம்பலாமா? இணையம் வழியே வாங்கிய 84 சரக்குகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். 26 சரக்குகளில் மட்டுமே சீட்டும் சரக்கும் ஒத்திருந்தன. 22-இல் எழுதியதைவிடக் குறைவாகவும், 36-இல் அதிகமாகவும் சி.பி.டி. இருந்தது. 18 சரக்குகளில் போதை தரும் டி.எச்.சி.யும் காணப்பட்டது. குழந்தைக்கு நல்லது என்று எண்ணி வாங்கும் தாய் இதை எப்படி அறிவாள்?

"இயற்கைப் பொருள்தானே?"

செடியிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்பது பழைய தவறு. எருக்கம் பாலும் செடியிலிருந்துதான் வருகிறது. சி.பி.டி. பெற்ற குழந்தைகள் பலருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, அயர்வு ஆகியவை உண்டாயின. சிலரின் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன. கல்லீரல் செல்கள் பாதிக்கப்படும்போது இவ்வாறு நிகழும். நோயில்லாத பெரியவர்களிடம் 28 நாள் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. கிலோவுக்குத் தினம் 5 மில்லிகிராம் வீதம் சி.பி.டி. உட்கொண்டவர்களுள் 20-க்கு ஒருவர் அளவில் அந்நொதி இயல்பு வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. வெற்று மருந்துக் குழுவில் ஒருவருக்கும் அவ்வாறு நேரவில்லை.

மேலும், பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளின் வேலையைச் சி.பி.டி. தடுக்கிறது. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உட்கொள்பவரின் உடலில் அம்மருந்து தேங்கி, இரத்தக் கசிவு நேரலாம். நலமுள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ள வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2023 அக்டோபரில் அறிவுறுத்தியது. மாணவர்களே, இங்குள்ள சிக்கலைக் கவனியுங்கள். பயன் கண்ட அளவுகள் நூற்றுக்கணக்கான மில்லிகிராமில் உள்ளன. அவற்றுக்கு மருத்துவரின் கண்காணிப்பும் இரத்தப் பரிசோதனையும் தேவை. தாமே வாங்கி உண்பதற்கு ஏற்றதென்று சொல்லப்பட்ட அளவிலோ பயன் நிரூபிக்கப்படவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தீங்கு வேறொன்று. குப்பியை நம்பிப் புற்றுநோய்க்கான சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் இழப்பது பணத்தை மட்டுமா? நோயைத் தீர்க்கக்கூடிய காலத்தையும் அல்லவா இழக்கிறார்!

மூன்று கேள்விகள்

ஆகவே, "சி.பி.டி. வேலை செய்யுமா?" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த நோய்க்கு? எந்த அளவில்? எதனோடு ஒப்பிட்டு? இம்மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சில அரிய வலிப்பு நோய்களுக்கு, மருத்துவர் தரும் அளவில், வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, ஆம் என்பது விடை. எல்லா நோய்க்கும் என்று விற்ற கடைக் குப்பி இக்கேள்விகளுக்கு முன் நிற்கவில்லை. சந்தையில் விற்கும் லேகியமானாலும், வெளிநாட்டுப் புட்டியானாலும் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

பயிற்சி

1. டிராவே நோயுள்ள ஒரு குழந்தையின் எடை 15 கிலோகிராம். சோதனையில் தந்த வீதப்படி நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் சி.பி.டி. தேவை? அது 10 மில்லிகிராம் மிட்டாய்கள் எத்தனைக்குச் சமம்? அத்தனை மிட்டாய்களைக் குழந்தைக்குக் கொடுப்பது ஏன் தவறு? இரண்டு காரணங்கள் கூறுக.

2. ஆய்ந்த 84 சரக்குகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அதன் சீட்டு சரியாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

3. இந்த வாரச் செய்தித்தாளில் மருந்து விளம்பரம் ஒன்றைத் தேடி எடுங்கள். மூன்று கேள்விகளுள் எத்தனைக்கு அதில் விடை இருக்கிறது என்று வகுப்பில் விவாதியுங்கள்.