தொலைதூரத்திலிருந்து ஒரு முயல்

மார்சிலிங்கின் அடுக்குமாடி வீடுகளில் முயல் வளர்க்கத் தடையில்லை. தொங்கு காது முயல்களும் குள்ள முயல்களும் இங்கே எளிதில் கிடைக்கின்றன. ஆனால், சிலருக்கு அங்கோரா முயல்மீதுதான் ஆசை. பஞ்சுப்பொதிபோல் தோன்றும் இந்த இனத்தின் பெயர், துருக்கியின் அங்காரா நகரின் பழைய பெயரிலிருந்து வந்தது. இது குளிருக்குப் பழகிய முயல். இந்தியாவில், இமயமலைப் பகுதியில் உள்ள குலு மாவட்டத்தின் கார்சாவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையம் இதை வளர்க்கிறது.

வளர்ப்பவரைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியேதான் வெளியேற்றும். வெப்பநிலை 30 பாகையைத் தாண்டினாலே திணறும். அரை நாள் உண்ணாவிட்டால்கூடக் குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே, பயணக் கூண்டில் நல்ல காற்றோட்டமும் காய்ந்த புல்லும் நீரும் வேண்டும்.

தேசியப் பூங்காக் கழகத்தின் உரிமமும் தேவை. மார்சிலிங்குக்கு அருகில்தான் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி இருக்கிறது. விலங்குகளை மறைத்துக் கொண்டுவந்து பிடிபடுவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இது வீண் கெடுபிடி அன்று. 2020 செப்டம்பரில், முயல்களைக் கொல்லும் இரத்தக்கசிவு நோய் சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மனிதரைத் தொற்றாத அந்த நோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை.

நலமாக வந்துசேர்ந்த அங்கோராவுக்கும் நம் வெயில் ஒத்துவராது. பகலெல்லாம் குளிர்ச்சியான அறை வேண்டும். ரோமம் சிக்காமல் இருக்க, வாரத்தில் பலமுறை பொறுமையாக வாரிவிடவும் வேண்டும்.