கார்டு எத்தனை என்று கேட்க மாட்டார்கள்

காலை எட்டரைக்கு கிளமெண்டி இண்டர்சேஞ்சில் 96ஆம் எண் பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையைப் பாருங்கள். பாதிப் பேர் என்யூஎஸ் போகிறவர்கள். பஸ்ஸுக்கு வேகம் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவராகக் கார்டைத் தட்டி ஏறி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிபியு வேலையும் அப்படித்தான் தேங்குகிறது. "எட்டு ஜிபியுவில் ஓட்டினேன்" என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது எங்கே காத்துக் கிடந்தது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் கம்பெனிகள் தேடுகின்றன.

முதல் வேலை, ஒரு கணக்கை மனப்பாடம் செய்வது. 7 பில்லியன் பாராமீட்டர் மாடல் 16 பிட்டில் 14 ஜிபி. நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி வினாடிக்குச் சுமார் 7 ஜிபி தரும். படிக்க 2 வினாடி. பிசிஐஇ ஜென் 4 வழியே 32 ஜிபி. அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. 40 ஜிபி ஏ100 கார்டின் எச்பிஎம் மெமரியில் 1,555 ஜிபி. வெறும் 9 மில்லிவினாடி. ஒவ்வொரு டோக்கனுக்கும் எல்லா வெயிட்டையும் ஒருமுறை படித்தாக வேண்டும். ஆகவே பேட்ச் 1 என்றால், வழக்கமான முறையில் வினாடிக்கு 111 டோக்கன்தான் உச்சவரம்பு. 4 பிட்டுக்குச் சுருக்கினால் 3.5 ஜிபி, உச்சவரம்பு நான்கு மடங்கு. இண்டர்வியூவில் இதை ஒயிட்போர்டில் போட்டுக் காட்டுங்கள். எதிரே இருப்பவர் ஃபோனைக் கீழே வைப்பார்.

இரண்டாவது, என்விடியா-எஸ்எம்ஐ காட்டும் 100 விழுக்காட்டை நம்பாதீர்கள். ஏதோ ஒரு கெர்னல் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. மெமரிக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாலும் அதே 100தான். என்சைட் சிஸ்டம்ஸில் டைம்லைனைத் திறங்கள். கெர்னல்களுக்கு நடுவே வெற்றிடம் தெரிந்தால், முதலில் ஸ்டோரேஜையும் சிபியுவையும் சந்தேகப்படுங்கள். வெற்றிடமே இல்லாமல் மந்தமாக ஓடினால் என்சைட் கம்ப்யூட்; மெமரி பேண்ட்விட்த்தா, கணக்கா என்பதை அதன் ரூஃப்லைன் சார்ட் காட்டிக்கொடுக்கும்.

நான் முன்பு இருந்த ஒரு டீமில் லட்சக்கணக்கான குட்டி ஜேபெக் கோப்புகள் எல்லாரும் பங்கிடும் லஸ்டர் ஸ்டோரேஜில் கிடந்தன. ஒவ்வொன்றையும் திறக்க மெட்டாடேட்டா சர்வரின் கதவைத் தட்ட வேண்டும். மேனேஜர் புது கார்டுகளுக்கு பட்ஜெட் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ஜூனியர் பையன் படங்களைப் பெரிய டார் கோப்புகளாகக் கட்டி, நோடின் சொந்த எஸ்எஸ்டிக்கு நகர்த்தி, டேட்டாலோடரில் ஒர்க்கர்களைக் கூட்டி, pin_memory-யை ஆன் செய்தான். கார்டு வாங்கவில்லை. அவன் கெட்டிக்காரத்தனம் அடுத்த நாள்தான் தெரிந்தது: முன்பு, பின்பு என்று ஒரே கிராஃப், மூன்று வரி இமெயில், மேனேஜரின் மேனேஜருக்கும் சிசி. ஈகோ பார்க்காமல் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்ரைசலில் பேசியது கோட் அல்ல, அந்த கிராஃப்.

கெர்னல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி: ஒரு வார்ப்பின் 32 த்ரெட்களும் பக்கத்துப் பக்கத்து முகவரிகளைப் படிக்கட்டும். 2022இல் வந்த ஃப்ளாஷ்அட்டென்ஷன் ஏன் வேகம் என்று விளக்கத் தெரியாமல் இண்டர்வியூவுக்குப் போகாதீர்கள். எச்பிஎம்முக்குப் போய் வருவதைக் குறைத்ததுதான் அதன் சாமர்த்தியம்.

பழக இடமா இல்லை? என்யூஎஸ், என்டியூவில் ஆய்வு செய்கிறீர்களா, தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மையத்தின் ஆஸ்பயர் 2ஏ இருக்கிறது, சூப்பர்வைசரிடம் கேளுங்கள். இந்தத் திறமைக்கு மதிப்பு இருக்குமா என்றால், உட்லண்ட்ஸில் 2025 ஜனவரியில் மைக்ரான், 7 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டில் எச்பிஎம் பேக்கேஜிங் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. சந்தை எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு வேறு ஜோசியம் வேண்டாம். இன்று இரவு ரெஸ்யூமில் "ஜிபியு அனுபவம்" என்ற வரியை அழித்துவிட்டு, எந்தத் தடையை எத்தனை வினாடியிலிருந்து எத்தனை வினாடிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று எழுதுங்கள்.