கோ ஆட்டமும் என் அரியரும்



பெருங்குடி ரயில் நிலையம் பக்கத்து அறையில், கணக்கு அரியருக்கு மூன்றாம் முறையாகப் படிச்சுக்கிட்டிருந்தபோது கிடைத்த பாடம் இது.

'கோ' ஆட்டப் பலகையில் 361 சந்திப்புகள். காய்கள் கறுப்பு, வெள்ளை. ஜப்பானில் 1713-இல் இனோவே தோசெட்சு தொகுத்த 'இகோ ஹட்சுயோரோன்' நூலின் 120-ஆவது புதிர் மிகக் கடினமானது எனப் பெயர் பெற்றது.

நரம்பு வலை எனும் நியூரல் நெட்வொர்க் இரண்டை ஊகிக்கும்: அடுத்த காய் எங்கே, ஜெயிப்பது யார். ஊகம் நல்லதென்று சொல்லும் கிளைகளைத்தான் கணினி ஆழமாகத் தேடும். ஊகமே தப்பானால்? நல்ல கிளையும் இருட்டிலேயே கிடக்கும்.

'காட்டாகோ' நிரலுக்கும் அதுதான் கதி. புதிரிலுள்ள அபூர்வ அமைப்பு வழக்கமான ஆட்டங்களில் வராததால் பிடிபடவில்லை. அதை உருவாக்கிய டேவிட் வூ, அந்தப் புதிரின் நிலைகளிலிருந்தே அதைத் தனக்குத்தானே ஆடவிட்டுப் பழக்கினார். புது வழிகள் தெரிந்தன. ஆனாலும் அது தேடலின் பலனே தவிர, கணித நிரூபணம் ஆகாது.

நானும் தெரிஞ்ச கணக்கையே போட்டுப் பார்த்துட்டு, இன்டகிரேஷன் வந்தால் பக்கத்தைத் திருப்பிடுவேன். இப்போ தினமும் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறேன். நீங்க எந்தப் பக்கத்தைத் திருப்புறீங்க?