பனிக்கட்டி வெப்பமானியும் தாம்பரத்து மழையும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராசபுரமும் அடையாற்று வெள்ளத்துள் மூழ்கியதை நம் வட்டாரத்தார் மறந்திலர். அம்மழையில் ஒரு புட்டி நீரைப் பிடித்துவைத்து, அன்றைய வெப்பநிலை யாதென அந்நீரையே வினவியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? வேடிக்கையாகத் தோன்றினும், துருவப் பனியைக்கொண்டு பண்டைய வெப்பநிலையைக் கணிக்கும் அறிவியல் இத்தகைய புட்டி ஒன்றிலேயே தொடங்கிற்று.

1952 சூன் திங்களில் கோபன்ஹேகன் நகரில் வில்லி டான்ஸ்கார்டு என்னும் அறிஞர், புல்வெளியில் ஒரு காலிப் புட்டியை வைத்து, அதன் வாயில் புனலைப் பொருத்தி, பெய்துகொண்டிருந்த மழையைப் பிடித்தார். அந்நீரை நிறைமாலைமானியில் இட்டு ஆராய்ந்தார். நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களுள் மிகப்பெரும்பாலானவற்றின் நிறையெண் 16. ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்றுக்கு மட்டும் 18. இவற்றை ஓரிடத்தான்கள் என்பர். தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்வதால் வந்த பெயர் இது. கிரேக்கச் சொல்லின் பெயர்ப்பேயாயினும், தமிழில் பிறந்ததுபோலவே ஒலிக்கும் நல்லதோர் ஆக்கம் என்பது நம் கருத்து.

கனத்த ஆக்சிஜன் கொண்ட நீர் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியானபின்னும் முந்திக் குளிர்ந்து மழையாகிவிடும். ஆகவே கடலினின்று புறப்படும் நீராவி துருவம் நோக்கிச் செல்லச் செல்லக் கனத்த நீரை வழிநெடுகிலும் இழக்கிறது. குளிர் மிகுந்த இடத்தில் விழும் பனியில் அது மிகக் குறைந்து காணப்படும். இக்குறைவைக் கடல்நீரோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை எனக் கணக்கிடுவர். இதற்கும் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை டான்ஸ்கார்டு 1964இல் ஒரு சமன்பாடாகத் தந்தார். கிரீன்லாந்தில் 1966இல் பாறைவரை துளைத்தெடுத்த பனித்தூணை அவர் குழுவினர் இவ்வாறே ஆராய்ந்தனர். அண்டார்க்டிகாவின் கன்கார்டியா நிலையத்தருகே எடுக்கப்பட்ட தூண் எட்டு இலட்சம் ஆண்டுகளின் செய்தியைத் தந்துள்ளது. கோவாவிலுள்ள நம் தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்திலும் அண்டார்க்டிகப் பனித்தூண்கள் ஆராயப்படுகின்றன.

இனித் தாம்பரத்திற்கு வருவோம். வெப்ப மண்டலத்துப் பெருமழைகளில் கனத்த ஆக்சிஜன் ஆயிரத்துக்குப் பத்தும் அதற்கு மேலும் குறைந்திருப்பதுண்டு. நம் புட்டி நீரிலும் பத்துக் குறைந்திருந்ததெனக் கொண்டு 1964இன் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், தாம்பரத்தின் வெப்பநிலை ஏறத்தாழ ஐந்து பாகை செல்சியசு என விடை வரும்! தாம்பரத்தில் அத்தகைய குளிரைக் கண்டவர் எவருமிலர்.

நீர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வியே பிழை. நம் நாட்டில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் சிறிதளவே மாறுகின்றது. மழையின் அளவோ பெரிதும் மாறுகின்றது. பெருமழையின்போது கனத்த நீர் முதலில் இறங்கிவிட, எஞ்சிய ஆவியினின்றே பின்மழை தொடர்கின்றது. எனவே நம் மழைநீர் பெரிதும் உரைப்பது மழையின் மிகுதியையேயன்றி வெப்பத்தையன்று. வங்கக்கடற் புயல்கள் கொணரும் வடகிழக்குப் பருவமழையில், தென்மேற்குப் பருவமழையினும் கனத்த ஆக்சிஜன் பொதுவாகக் குறைந்திருப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

துருவத்திலேயும் இக்கணக்கு ஒருமுறை இடறிற்று. கிரீன்லாந்துத் துளையின் ஆழத்தில், பனியூழிக் குளிரின் எச்சம் இன்னும் ஆறாமல் உள்ளது. அதனை வெப்பமானி கொண்டே அளந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, பனியூழியின் உச்சத்தில் அங்கு இன்றையினும் 23 பாகை குளிர்ந்திருந்தது எனக் காட்டிற்று. ஓரிடத்தான் கணக்குச் சொன்னதோ ஏறத்தாழ அதில் பாதியே. அக்காலத்தில் குளிர்காலப் பனி அரிதாகிக் கோடைப் பனியே மிகுதியாகப் படிந்தமை இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது.

அங்ஙனமாயின் தமிழகத்தின் பண்டைய தட்பவெப்பத்தை எதிற் படிப்பது? சுகுமார், இரமேசு முதலிய அறிஞர்கள் நீலகிரியின் உயர்ந்த சதுப்புகளில் முற்றும் மக்காது படிந்த தாவரப் பொருளை எடுத்து, அதிலுள்ள கார்பன் ஓரிடத்தான்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டனர். வறண்ட காலத்தில் பெருகும் புல்வகைகளில் கார்பன்-13 சற்று மிகுதி. ஈரங்காலத்துத் தாவரங்களில் குறைவு. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுக் கணக்கு அச்சேற்றில் கிடைத்தது. கிரீன்லாந்து கடுங்குளிரில் உறைந்திருந்த அப்பனியூழி உச்சத்தில் நீலகிரி மழை குன்றி வறண்டிருந்தது என்பதும், பனியூழி தளர்ந்தபின் பருவமழை வலுத்தது என்பதும் அதனால் தெரியவந்தன.