கொழுப்பு மாத்திரையும் தசைவலியும்

"கால் வலிக்கிறது, அதனால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று கூறுவோரைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். மாரடைப்பு வந்தவர்கள் இம்மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது, மீண்டும் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். ஆயினும், தசை தரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது விடுவதும் தவறு. எந்த வலிக்கு என்ன செய்வது என்பதை அறிந்துகொள்வோம்.

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் முதலிய ஸ்டாட்டின் மருந்துகள் சிலருக்குத் தசைவலியை உண்டாக்குகின்றன. மருந்தைத் தொடங்கிய அல்லது அதன் அளவைக் கூட்டிய சில வாரங்களிலோ மாதங்களிலோ, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றில் இருபுறமும் ஒன்றுபோல் இவ்வலி தோன்றும். ஒரு முழங்காலில் மட்டும் வலி இருப்பின் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

பக்கவிளைவுகளால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று 2020 இல் வெளியாயிற்று. அவர்கள் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரையும் உட்கொண்டனர். சில மாதங்கள் எதுவும் உட்கொள்ளவில்லை. ஸ்டாட்டினால் வந்ததாக உணர்ந்த தொல்லையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, போலி மாத்திரையிலும் காணப்பட்டது. வலி பொய்யன்று, அதற்கு மருந்தே காரணம் என்பதுதான் எப்போதும் மெய்யன்று.

ஆகவே, வலி வந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்னும் இரத்தப் பரிசோதனை தசைச் சேதத்தைக் காட்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் இத்தகைய வலியைத் தரக்கூடும் என்பதால் அதையும் சோதிப்போம். தேவையெனில் மருந்தின் அளவைக் குறைக்கலாம். வேறு ஸ்டாட்டினுக்கோ எசெட்டிமைப் போன்ற மருந்துக்கோ மாற்றலாம்.

மிக அரிதாகத் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடுமையான வலி, எழ இயலாத பலவீனம், பால் கலக்காத தேநீர் போன்ற நிறத்தில் சிறுநீர் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தோன்றினால் அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

செரிவாஸ்டாட்டின் என்னும் மருந்து இப்பாதிப்பினாலேயே 2001 இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஜெம்ஃபைப்ரோசிலுடன் சேர்த்து உட்கொண்டவர்களிடம் அதன் தீங்கு மிகுந்திருந்தது. இன்றைய சில ஸ்டாட்டின்களோடு கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் ஒத்துப்போவதில்லை. எந்த மருத்துவரிடம் சென்றாலும், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.