மருந்து எப்போது கேட்கும்?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ரத்தமும் சளியுமாக வயிற்றால் போனது. குழாய் விட்டுப் பார்த்து 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்றார்கள். மூன்று வாரமாக மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறான். ஏழெட்டுத் தடவை போனது நாலாகியிருக்கிறது. ரத்தம் முழுதாக நிற்கவில்லை. "மூணு வாரத்தில கேக்காத மருந்து இனி எப்பக் கேக்கும்? நாலு நாளில நிறுத்துத பொடி இருக்கு" என்கிறார் மதினி. அவனோ மார்கழித் தேருக்கு வடம் பிடிக்கணும் என்கிறான். மருந்தை மாற்றலாமா, டாக்டர்?
- ஒரு தாய், சுசீந்திரம்

பதில்: ஏழெட்டு நாலானதே மருந்து கேட்கிறது என்பதற்கு அடையாளம்தான் அம்மா. மெசலமைன் நிதானமாக வேலை செய்யும். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். கேட்டதா இல்லையா என்று முடிவு சொல்ல 4 முதல் 8 வாரம் வேண்டும். அரிதாகச் சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலும் ரத்தப்போக்கும் கூடும். உங்கள் பையனுக்கு அப்படித் தெரியவில்லை.

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து எழுதித் தந்தார்களா? இந்தப் பெருங்குடல் புண் மலக்குடலில் தொடங்கி மேலே ஏறுவது. மாத்திரையோடு எனிமாவும் சேர்ந்தால் ரத்தம் சீக்கிரம் நிற்கும். இளவட்டங்கள் கூச்சப்பட்டு அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருப்பார்கள். தாயிடமும் சொல்ல மாட்டார்கள்.

மெசலமைன் போதாதபோது தருவது ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. அது சில நாளிலேயே கேட்கும். இரண்டு வாரத்தில் அசையவில்லை என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். நோயைத் தற்காலிகமாக அடக்குமே தவிர, மறுபடி வராமல் காக்காது. படிப்படியாகக் குறைத்து இரண்டு மாதத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். மதினி சொல்லும் பொடியை நான் சந்தேகிப்பதும் ஸ்டீராய்டு இப்படிச் சில நாளிலேயே கேட்பதால்தான். பெயர் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அசத்தையோபிரின் என்ற மாத்திரை ஸ்டீராய்டுக்கு நேர்மாறு. முழுப்பலன் தெரிய மூன்று மாதமாகும். அதைச் சாப்பிடும் காலம் முழுக்க ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. நம் நாட்டில் சிலருக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் இந்த மருந்து வெள்ளணுக்களைச் சட்டென இறக்கிவிடும். தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

ஊசி மருந்துகளில் இன்ஃப்ளிக்சிமாபை 0, 2, 6-வது வாரங்களில் ஏற்றுவார்கள். பலருக்கு ஓரிரு வாரத்தில் குணம் தெரியும். வெடோலிசுமாபுக்கு 14 வாரம்கூடப் பொறுக்க வேண்டியிருக்கும். டோஃபாசிட்டினிப் மாத்திரை மூன்றே நாளில் சிலருக்கு வேலை காட்டும். ஊசிகளின் விலை மலைப்பாக இருக்கும். அடாலிமுமாப் என்ற இன்னொரு ஊசியின் உள்நாட்டுத் தயாரிப்பு 2014-இல் வந்த பிறகு ஓரளவு இறங்கியது. இவற்றைத் தொடங்குமுன் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

ரத்தம் நின்றாலும் குடலின் உள்தோல் ஆற மாதக்கணக்காகும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்ப்பதும், சில மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்ப்பதும் அதற்காக. நான் பார்த்தவரை நோய் திரும்பி வருகிறவர்களில் பலர், 'சரியாயிட்டு' என்று மாத்திரையை நிறுத்தியவர்கள்.

தேர் விஷயம்: ஹீமோகுளோபின் பாருங்கள். சோகை இல்லை, ரத்தமும் நின்றிருக்கிறது என்றால் வடம் பிடிக்கட்டும். கஞ்சி, மட்டிப்பழம், காரம் குறைத்த மீன் எல்லாம் கொடுக்கலாம். உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் மட்டும் வாங்கிப் போட வேண்டாம், புண்ணைக் கிளறிவிடும்.

ஒருநாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தமாகப் போய், கூடவே 100 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ, நாடி 90-க்கு மேலோ இருந்தால் இந்த வாரக்கணக்கெல்லாம் செல்லாது. வயிறு உப்பி வலித்தாலும் அப்படித்தான். அன்று ராத்திரியே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்த நிலையில் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றி, மூன்றாம் நாளே பலனைப் பார்ப்பது வழக்கம். இறங்கவில்லை என்றால் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது சைக்ளோஸ்போரின். அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை.