நீ ஆருடைய பிள்ளை?



நமது ஊர்களிலே புதிதாக ஒரு சிறுவனைக் கண்டால் முதிய தாய்மார் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "உன் பெயர் என்ன?" என்று கேட்கமாட்டார்கள். "தம்பி, நீ ஆற்றை பிள்ளை?" என்றே கேட்பார்கள். அவன் தகப்பன் பெயரைச் சொன்னதும், "ஓ, அவற்றை மோனே! அதுதான் அந்த மூக்கு!" என்று முகம் மலர்வார்கள். அதே கேள்விக்குள் சில வேளைகளிற் சாதியை அளக்கும் கோலும் மறைந்திருக்கிறது என்பதை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் "நான் யார்?" என்ற உணர்வு ஒரு பிள்ளையின் உள்ளத்தில் எவ்வாறு உருவாகிறது என்பதை இச்சிறு உரையாடலே நமக்குக் காட்டிவிடுகிறது. மூக்கு என்பது தோற்றம். பெயரும் பேச்சும் பண்பாடு. தகப்பன் என்பது குடும்பம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சிந்திப்போம்.

1. தோற்றம்

சில காலத்துக்கு முன் ஒரு பங்கிலே முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள் படம் எடுப்பதற்காகக் கோவில் வாசலிற் கூடினார்கள். ஒரு சிறுமி மட்டும் வரிசைக்கு வர மறுத்துத் தூணுக்குப் பின்னால் நின்று அழுதாள். காரணம் கேட்டேன். "நான் கறுப்பி, சுவாமி. படம் வடிவாய் இராது" என்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பை வழங்கியவர் யார்? அருகில் நின்ற தாய், "வீட்டிலை சும்மா செல்லத்துக்குக் கூப்பிடுறது சுவாமி" என்று தலைகுனிந்தார். நாம் செல்லமாகச் சொன்ன சொல்லைப் பிள்ளை சத்தியமாக ஏற்றுக்கொண்டது.

நிறத்தைப் பற்றி விஞ்ஞானம் கூறுவது மிக எளிது. நமது தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். அதை உண்டாக்கும் கலங்கள் வெள்ளையருக்கும் கறுத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையிலேதான் இருக்கின்றன. அவை உண்டாக்கும் நிறப்பொருளின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. வெயில் கடுமையான நாடுகளில் நம் முன்னோரின் உடலைக் காத்த குடை அது. குடையைப் பார்த்து வெட்கப்படுவார் உண்டோ?

1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'பெயார் அன்ட் லவ்லி' என்ற பூச்சு, 2020இல் வெண்மையைக் குறிக்கும் 'பெயார்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கிக்கொண்டது. பெயர் மாறிற்று. கலியாணப் பேச்சிலே "பெட்டை என்ன நிறம்?" என்று கேட்கும் நமது வழக்கம் மாறிற்றா?

2. பண்பாடு

தோற்றம் பிறப்போடு வருவது. பெயரும் மொழியுமோ பிறந்த பின் பெரியவர்களால் தரப்படுபவை.

நமது முன்னோர் ஞானஸ்நானப் பெயர்களை வந்தபடியே எடுத்துக்கொள்ளவில்லை, தமிழாக்கிக் கொண்டார்கள். பவுல் என்ற பெயருக்குச் 'சிறியவர்' என்பது பொருள். ஆகவே அவர் சின்னப்பரானார். யோவான் என்ற பெயர் இறைவனின் அருளைக் குறிப்பது, அவர் அருளப்பரானார். சவேரியார் சவிரிமுத்தாகவும், செபஸ்தியார் வஸ்தியாம்பிள்ளையாகவும் நம் வீடுகளில் வாழ்ந்தார்கள். வந்த விசுவாசத்துக்குத் தமிழ்ச் சட்டை தைத்துப் போட்ட கைகள் அவை. இன்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின்படி, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் தவிர்த்தாற் போதும். நல்ல தமிழ்ப் பெயருக்குத் தடையேதுமில்லை. அப்படியிருந்தும் தமிழிலும் பொருளில்லாத, வேதாகமத்திலும் இடமில்லாத பெயர்களை ஓசைக்காக மட்டும் தேடுகிறோம். நான் மாத்திரம் நல்லவன் அல்ல. விடுதியிற் படித்த காலத்தில் என் தந்தையின் பழைய பெயரைச் சொல்லக் கூசி, முதலெழுத்தை மட்டும் சொல்லித் தப்பியவன் நான். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் குத்துகிறது.

ஆனால் பெயர் மட்டும் ஒருவனை இன்னான் என்று காட்டிவிடாது. போர்த்துக்கேயர் வழியாக வந்த பெர்னாண்டோ என்ற பெயரைப் பாருங்கள். தூத்துக்குடிக் கரையில் அப்பெயருடையோர் தமிழர், மொறட்டுவையிற் சிங்களவர். நீர்கொழும்பிலோ வீட்டிலே தமிழும் பள்ளியிலே சிங்களமுமாக வாழும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து சிலாபம் வரையான கரையிலே, தமிழிற் செபித்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று சிங்களத்திற் செபிக்கிறார்கள். பள்ளியின் மொழி மாறியது. சில தலைமுறைகளுக்குள் வீட்டின் மொழியும் மாறியது. இதற்காக அவர்களை இகழ ஒன்றுமில்லை. அவர்கள் நம் சகோதரர். நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றே: இனம் என்பது இரத்தத்தில் மட்டும் ஓடுவதன்று. அடுப்படியிற் பேசும் மொழியிலே அது வாழ்கிறது. அங்கே ஓய்ந்தால் ஓய்ந்துவிடுகிறது.

அப்படியாயின் பிறருடைய பண்பாட்டை நாடக்கூடாதோ? யோசப் வாஸ் அடிகளாரை நினையுங்கள். கோவாவிற் பிறந்த கொங்கணியர். பெயரோ போர்த்துக்கேயப் பெயர். கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் கோலத்தில் இந்நாட்டுக்கு வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். சில்லாலையிலே நம்மவர் வீடுகளில் மறைந்திருந்து பணிசெய்தார். 1711இற் கண்டியில் மரித்தார். 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் கோலத்தை மாற்றினார். இன்னொரு மொழியையும் வேறொரு மக்களையும் தமதாக்கிக் கொண்டார். அன்பினால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது செல்வம். வெட்கத்தினால் உள்ளதை எறிந்துவிடுவதோ வறுமை.

3. குடும்பம்

தலைமைக் குருவின் முற்றத்திலே இருந்த இராயப்பரை அவருடைய கலிலேயப் பேச்சே காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு எழுதுகிறார். 1983 யூலையிலே கொழும்புத் தெருக்களில் நம்மவருக்கும் அதுவே நேர்ந்தது. நெற்றிப் பொட்டைப் பார்த்தார்கள். வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டு நாவைச் சோதித்தார்கள். தாய்மார் பொட்டை அழித்தார்கள். பிள்ளைகளை வாய் திறவாதே என்றார்கள். உயிரைக் காக்கச் செய்த அச்செயலைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் ஒளிக்கும் பழக்கம் நீங்காவிட்டால், அது பிள்ளைகளிடம் வெட்கமாக இறங்குகிறது. "பஸ்ஸிலை தமிழிலை கதையாதை" என்று அன்று பயந்து சொன்னோம். இன்று விருந்தாளிகளின் முன் நம் பிள்ளை தமிழ் தெரியாது என்று சொல்லும்போது பெருமையோடு சிரிக்கிறோம். ஏன் ஒளித்தோம் என்ற கதையைப் பிள்ளைக்குச் சொல்லாமல், ஒளிக்கும் பழக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டோம்.

தோற்றமும் பெயரும் மொழியும் பிள்ளை தெரிந்தெடுத்தவை அல்ல. அவற்றைச் செல்வமாகச் சுமப்பதா, பாரமாகச் சுமப்பதா என்பது பெரும்பாலும் வீட்டிலே, நம்முடைய வாயினாலே தீர்மானிக்கப்படுகிறது. பெற்றோரே, உங்கள் பொறுப்பு இதுவே.

அன்று அந்தச் சிறுமியைத் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்தது என் புத்திமதி அல்ல. நான் ஆண்டவர் படைத்த அழகு என்று ஏதேதோ சொன்னேன், அவள் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து அவளுடைய அப்பம்மா எழுந்து வந்தார். "என்ரை நிறம்தானேயடி உனக்கு. வா, எனக்குப் பக்கத்திலை நில்" என்று கையைப் பிடித்தார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் யாரையாவது நிறத்தாலோ உடலாலோ பட்டம் சூட்டி அழைக்கிறோமா? இவ்வாரமே அதை நிறுத்துவோமா?

2. நம் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரின் பொருளும், அப்பெயரை வைத்த காரணமும் தெரியுமா?

3. பாட்டன் பாட்டிமார் பட்டதையும் வாழ்ந்ததையும் பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறார்களா? இந்த ஞாயிறு இரவுச் செபத்தின் பின் அரை மணிநேரம் அதற்கு ஒதுக்குங்கள். "நீ ஆற்றை பிள்ளை?" என்று நாளை எவரும் கேட்டால், உங்கள் பிள்ளை தலைநிமிர்ந்து விடைசொல்ல அது உதவும்.